நெற்றியில் பதிந்த குமிழ்கள்

நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளைக்குத் தன் கையால் பின்னிய தொப்பியொன்று அனுப்ப வேண்டும் என்பது ராத்தாவின், அதாவது என் அக்காவின், ஆசை. வீட்டில் ஏ.எல். வரை படித்தவன் நான் மட்டும். போனில் ஆங்கிலத்தில் கிடந்த குரோஷே விளக்கங்களை நான் வாசித்துச் சொல்ல, அவள் பின்னினாள்.

கொக்கி ஊசியைக் கண்ணியின் தலையில் விடாமல் தண்டைச் சுற்றி விட்டால் வரம்பு போலப் புடைக்கும். ஒரே துளைக்குள் பல கண்ணிகளைப் பாதியில் நிறுத்திக் கடைசியில் ஒரே இழுப்பில் சேர்த்தால் குமிழ் எழும். உச்சியில் வரம்புகள், விளிம்பில் சுற்றிவரக் குமிழ்கள். அழகென்றால் அப்படியோர் அழகு.

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் மாப்பிள்ளை குனிந்தபோது தொப்பி நெற்றிக்கு இறங்கியிருக்கிறது. நிமிர்ந்தால் நெற்றியில் வரிசையாகக் குழிகள்.

"என்ன மச்சான், சோளப்பொத்தியிலயா நெத்திய வெச்ச?" என்று பள்ளி வாசலிலேயே கூட்டாளிகள் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா கரைத்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கதிரையில் போட்டார்.

"என்ட புள்ளய ஊரே சிரிக்க வெச்சிட்டீங்களே!"

"கோவிக்காதீங்க மாமி. விளிம்பு கடைசியாப் போட்டதுதான். இப்பவே அவிழ்த்து மட்டமாப் போட்டுத் தாறன்" என்றாள் ராத்தா.

நுனியை இழுத்தாள். குமிழ்கள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. எங்கள் உம்மா கொடுத்த தேத்தண்ணியை மாமி தொடவில்லை. ராத்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக் கொடுத்ததும் தடவிப் பார்த்தார்.

"இப்ப நல்லாத்தான் இரிக்கு" என்றவர் எங்கள் வாப்பாவிடம் திரும்பினார். "அது சரி, சீதன வீட்டுக்கு உறுதி எழுதித் தருவீங்களா?"

"கலியாணம் பேசக்குள்ளயே சொன்னமே. எங்கட காணி மன்னாரில இரிக்கு."

"போய்ப் பாத்த ஆக்கள் காடு எண்டு சொல்றாங்க. என்ட மகன் காட்டுலயா குடியிருக்கிற? அகதி வீட்டில சம்பந்தம் வேணாமெண்டு அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல்ல."

யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று நாடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அகதி என்ற பெயர் மட்டும் முடியவில்லை. குமிழ் இல்லாவிட்டால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். தொப்பியை எடுக்காமலே போய்விட்டார்.

ராத்தா அழவில்லை. மட்டமான விளிம்பை விரலால் தேய்த்தபடி என்னைப் பார்த்தாள்.

"வேணாமெண்டு சொல்லத்தானே தம்பி வந்தாங்க. அத முதலே சொல்லியிருந்தா நான் இத அவிழ்த்திருக்க மாட்டன்."