கடைசி மடிப்பு

என் மனைவி சிவகாமசுந்தரி எந்த வாசகர் மன்றத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. எங்கள் ஊரான காஜா பேராங்கில் அவளைவிட அதிகமாகப் புத்தகம் படித்தவர் ஒருவரும் கிடையாது என்று இப்போது நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை.

செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. என்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தபின், ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். மத்தியானச் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் கிடைக்கும் நேரத்தில் தையல் மிஷின் மேலேயே புத்தகத்தை விரித்துவைத்துப் படிப்பாள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பதில் வராது. வந்தாலும் நல்ல பதிலாக இருக்காது.

புத்தகம் என் உறுப்பினர் அட்டையில் வரும். சைக்கிள் கடை மாடியில் இருந்த எங்கள் வாசகர் மன்றத்தில் அட்டை ஆண்களிடம் மட்டும்தான் இருந்தது. நான் வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்து வருவேன். பாதி படிப்பேன், மீதிக் கதையைச் சாப்பிடும்போது அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அவள் கேட்ட புத்தகத்தை மறந்துவிட்டு, போன மாதம் கொண்டுவந்ததையே மறுபடியும் கொண்டுவந்து நிற்பேன். "எனக்குன்னு ஒரு அட்டை இருந்தா உங்ககிட்ட ஏன் இந்தச் சூசா?" என்பாள். சூசா என்றால் மலாயில் தொல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் பெரும்பாலும் என்னைக் குறித்துத்தான் வரும்.

மெர்டேகா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், சென்னைப் பதிப்பகம் ஒன்று நாவல் போட்டி நடத்தியது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு நாவல்களையும் அச்சிட்டு, பரிசு எதற்கு என்பதைப் பொங்கலன்று சொல்வதாக அறிவித்தது. புத்தகக் கடை ஷரீஃபுதீன் அந்த ஆறையும் கப்பலில் வரவழைத்து மன்றத்துக்குக் கொடுத்தார். அதுவரை எங்கள் அலமாரியில் இருந்ததெல்லாம் நாலு கை மாறி வந்த பழைய புத்தகங்கள். புத்தம் புதிதாக வந்தது அதுதான் முதல் தடவை.

மன்றச் செயலாளர் கலியாணசுந்தரம் கரும்பலகையில் ஒரு சவால் எழுதினார். பொங்கலுக்குள் ஆறையும் படித்துவிட்டு, சபையில் நின்று கதையும் கருத்தும் சொல்ல யார் தயார்? அதோடு நில்லாமல், தான் ஆறையும் படித்து முடித்துவிட்டதாக மன்றத்தின் மாதச் சுற்றறிக்கையில் இரண்டு பக்கம் விமர்சனமும் எழுதினார். உறுப்பினர்கள் நாற்பது பேர். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொன்னேன்.

"என் பேரைக் கொடுங்க" என்றாள்.

மன்றத்தில் போய்ச் சொன்னபோது கலியாணசுந்தரம் சிரித்தார். "சேது, உன் சம்சாரம் மெம்பரே இல்லையேப்பா."

அதை வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப ஆறையும் சொல்லிட்டா அட்டை கொடுப்பாரான்னு கேளுங்க" என்றாள். நான் கேட்டேன். கொடுக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். நடக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

முதல் நாவலைத் திறந்தவள் திகைத்துவிட்டாள். அச்சகத்தில் மடித்துத் தைத்தபடியே, ஓரம் வெட்டாமல் வந்திருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. மடிப்பைக் கிழிக்காமல் பாதிப் பக்கங்களைப் பார்க்கவே முடியாது. செயலாளர் தனிப் பிரதி வைத்துப் படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். தையலுக்கு வைத்திருந்த இரும்பு அளவுகோலை மடிப்புக்குள் விட்டு, மெதுவாக அறுத்து அறுத்துப் படித்தாள். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தன் கருத்தைக் குறித்துவைத்தாள். 'கதாநாயகி எண்பது பக்கம் அழுகிறாள். யாருக்கு நேரம் இருக்கிறது?' என்பது இரண்டாவது நாவலுக்கு.

ஐந்து நாவல்கள் சரியாக வந்தன. ஆறாவது வரவில்லை. வாரம் இரண்டு முறை மாடி ஏறிக் கேட்டேன். "இன்னொரு தடவை படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார் செயலாளர். அவள் என்மேல் எரிந்து விழுந்தாள். "பிடுங்கிட்டு வரத் தெரியாதா?" தெரியாது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, வியாழக்கிழமைதான் புத்தகம் கைக்கு வந்தது. வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"என்னாங்க, இங்க வாங்க. இதைப் பாருங்க."

பார்த்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

"இன்னொரு தடவையாம்! ஒரு தடவைகூடத் திறக்கல இவரு. பார்த்துக்கிட்டீங்கல்ல?"

"பார்த்தேன். விடு, நமக்கு எதுக்கு?"

வெட்டாமல் அப்படியே வைத்தால் அவருடைய பொய்க்குச் சாட்சி. ஆனால் வெட்டாமல் எப்படிப் படிப்பது? அட்டை வேண்டுமே. கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அளவுகோலை எடுத்தாள். அந்த மூன்று நாளும் வீட்டில் குழம்பு கிடையாது, ரசம்தான்.

ஞாயிறு காலை மன்றத்தில் இருபது ஆண்கள், அவள் ஒருத்தி. பச்சைச் சேலை கட்டி, அளவு நோட்டைக் கையில் வைத்திருந்தாள். ஐந்து நாவல்களையும் கடகடவென்று சொன்னாள். இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள். ஆறாவது நாவலின் முடிவைச் சொன்னபோது செயலாளர் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, கடைசியில அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணு சேர்றாங்க. நீ சேரலன்னு சொல்றே. படிச்சியா, இல்லியா?"

"படிச்சேன் ஐயா." கடைசிப் பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்தாள். அண்ணன் வரவே இல்லை. தங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறாள். அதோடு கதை முடிகிறது.

செயலாளர் முகம் கறுத்துவிட்டது. எழுந்து வந்து புத்தகத்தை வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இதென்ன? ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கு! மன்றத்துப் புத்தகத்தை இப்படியா கிழிச்சு வைப்பாங்க?"

"கிழிச்சாத்தானே ஐயா படிக்க முடியும்? நான் கிழிக்கிற வரைக்கும் எல்லாம் ஒட்டித்தான் இருந்துச்சு. நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"எல்லாம் வெட்டித்தான் இருந்துச்சு. இந்தம்மா வாய்க்கு வந்ததைப் பேசுது" என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பினாள். "இவர் பார்த்தாரு. கேளுங்க."

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. கலியாணசுந்தரம்தான் எனக்குக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை வாங்கிக் கொடுத்தவர்.

"நான்... சரியாக் கவனிக்கல" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். அட்டை விஷயத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அடுத்த பொதுக்கூட்டமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அட்டை வரவில்லை. வேறொன்று வந்தது. இனி வரும் புதுப் புத்தகங்களின் மடிப்பை முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டும், அந்த வேலையைத் திருமதி சேதுராமனிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அவள் புத்தகத்தைத் தூக்கி என் முகத்தில் எறிவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். "கொண்டாங்க" என்றாள்.

ஒன்பது வருஷம் புத்தகக் கட்டுகள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. வெட்டினாள், படித்தாள், திருப்பி அனுப்பினாள். என்னிடம் மட்டும் கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். முடிவு என்ன என்று கேட்டால், "நீங்களே படிச்சுப் பாருங்க" என்பாள். நான் படிக்கவில்லை.

சைக்கிள் கடைக் கட்டடத்தை விற்றபோது மன்றமும் மூடப்பட்டது. வேறு இடம் கிடைக்காமல் அலமாரி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு விடுமுறை நாளில் சும்மா ஒரு நாவலை எடுத்தேன். மழை நாள், வேறு வேலையில்லை, முதல் தடவையாகக் கடைசிவரை படித்துக்கொண்டே போனேன். முடிவு வரும் இடத்தில் தாள் ஒட்டியிருந்தது. கடைசி மடிப்பை அவள் வெட்டவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்து இன்னொன்றை எடுத்தேன். அதிலும் அப்படியே. மன்றத்துக்காக அவள் வெட்டிக் கொடுத்த நூற்றுச் சொச்சம் புத்தகங்களிலும் கடைசி மடிப்பு மட்டும் வெட்டாமல் இருந்தது.

"சிவகாமி, இதென்ன?"

மிஷினை நிறுத்தினாள். "அந்த ஒரு மடிப்பை மட்டும் நான் விரிச்சுப் பிடிச்சு, எட்டிப் பார்த்துப் படிச்சுக்குவேன். மத்தவங்க படிச்சாங்கன்னா முடிவைக் காணோமேன்னு கேட்டு வருவாங்கல்ல? ஒன்பது வருஷம் பார்த்தேன். ஒருத்தரும் வரல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாலு பேரு வேணாம். நீங்க ஒருத்தராவது கேட்பீங்கன்னு நினைச்சேன்."

இரும்பு அளவுகோலை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கத் தொடங்கினாள்.