அக்காவின் விரல்நுனிகள்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன். நரம்பு செல்லுக்குள் இருக்கும் சட்டகத்தைப் புரதங்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதை நான் வேலையாக மட்டுமே பார்த்திருந்தேன்.

அக்கா செந்துறைப் பக்கம் கிராம செவிலியர். மார்பில் கட்டி என்று தெரிந்து, திருச்சியில் அறுவை சிகிச்சை முடிந்து, வாராவாரம் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சித்திரை மாத ஞாயிறு பார்க்கப் போனபோது, அவருடைய வலது பாதத்தில் பெரிய கட்டு.

"என்னக்கா இது?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வந்தேன். செருப்பு வழியில எங்கயோ கழண்டு விழுந்துருக்கு. வூட்டு வாசல்ல வந்து குனிஞ்சு பாத்தாதான் தெரியுது."

உச்சி வெயில், தார் ரோடு. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"சுடலையா?"

"தெரியவே இல்லடி."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு என் மணிக்கட்டை எடுத்து இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். இடம் மாற்றி மறுபடி அழுத்தினார்.

"உன் நாடி எனக்குக் கெடைக்கல. ரெண்டு மாசமா இப்படித்தான். டாக்டர்கிட்ட சொல்லல. சொன்னா மருந்தைக் கொறைச்சுடுவாரு. கட்டி திரும்ப வந்துட்டா?"

அவரே கேட்டார்: "நீதான் படிச்சிருக்கியே. மாருல இருக்குற நோய்க்குக் குடுக்குற மருந்து, காலை ஏன் மரத்துப்போக வைக்குது?"

வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னேன். "செல்லுக்குள்ள மெல்லிசா குழாய் குழாயா இருக்குக்கா. அதைச் சில புரதம் தாங்கிப் புடிக்கும், சிலது வெட்டி விடும். அந்தக் குழாய் வளரணும், கரையணும், அப்பதான் செல் ரெண்டாப் பிரியும். இந்த மருந்து அதைக் கரைய விடாம இறுக்கிடும். செல் பிரியாது, கட்டியும் வளராது. ஆனா நரம்புக்கும் அதே குழாய்தான் ரோடு. இடுப்புலேர்ந்து கால் விரல் வரைக்கும் ஒரே செல்லு. அவ்வளவு தூரம் சாமான் போய்ச் சேரலைன்னா நுனிதான் மொதல்ல சாகும்."

"அப்ப மருந்து வேலை செய்யுது."

"செய்யுதுக்கா."

இதே மருந்தைத்தான் ஆய்வுக்கூடத்தில் எலியின் நரம்பு செல்கள்மேல் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறேன். குழாய்கள் அசையாமல் நின்றதைப் பார்த்து சந்தோஷமாகக் குறிப்பெழுதியிருக்கிறேன். அன்று அக்காவின் பாதத்தைப் பார்த்தபோது அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கட்டைப் பிரித்து, மருந்து போட்டு, மறுபடி கட்டினேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுக்கா," என்றேன். அந்த வாரம் நானும் கூடப் போனேன். அக்கா ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை, அளவைக் குறைத்தார். மீதி ஊசிகளும் முடிந்தன. இதுவரை கட்டி திரும்பவில்லை. கை விரல்களுக்கு உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முழுதாக இல்லை. கால் விரல்களுக்கு வரவேயில்லை.

தடுப்பூசி போடும் வேலையிலிருந்து அவரே எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். "பச்சப்புள்ளைக்கு ஊசி போட என் கையை நானே நம்பணும்ல," என்றார். இப்போது ஆபீஸில் பதிவேடு எழுதுகிறார்.

தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், ஒரு முகக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உள்ளங்காலில் முள், வெட்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் போகிற நாட்களில் கண்ணாடியை நான் பிடிக்கிறேன்.