ஊத்துற மேரி

வடிகட்டும் துணியை அலசிக்கொண்டிருந்தேன். மேரி அக்கா காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார்கள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரே அசதி.

நம் கம்பெனியில் சேர்ந்த வாரமே அவருக்குப் பட்டம் வைத்தவன் நான். சூடான சோப்புக் கரைசலில் ஜிங்க் சல்பேட் ஊற்றுவது அவர் வேலை. "உங்களாலதான்க்கா நம்ம ஊருக்கு உத்திரமேரூர்னு பேர் வந்துது. ஊத்துற மேரி ஊரு" என்றேன்.

"வாய மூடிக்கினு கிளறு நைனா, கட்டி தட்டிடும்" என்றார். சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது.

அவர் மீட்டரை நம்பமாட்டார், நுரையைத்தான் பார்ப்பார். கொழுப்பு அமிலத்தில் காஸ்டிக் சோடா சேர்ந்தால் நுரை பொங்கும். ஜிங்க் போகப்போக நுரை அடங்கி, பால் திரிந்தது போல வெள்ளையாகப் பிரியும். "சோடியத்துக்கு ஒரு கை, ஜிங்குக்கு ரெண்டு கை. இது வந்து புடிச்சா அது வுட்டுட்டுப் பூடும்" என்பார். அந்த வாளியை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

புது சூப்பர்வைசர் வந்த அன்று, கிரீஸ் கையோடு சோப்பு கேட்டார். நான் அப்படிப் பிரிந்து காய்ந்த ஜிங்க் சோப்புப் பொடியைக் கிண்ணத்தில் அள்ளி, 'நம்ம சோப்பு' என்று அட்டையில் எழுதிக் குழாயடியில் வைத்தேன். பொய்யில்லை, அதுவும் சோப்புதான். தண்ணீரோடு மட்டும் சேராது. அவர் தேய்க்கத் தேய்க்க, சேப்பங்கிழங்கு இலையில் போலத் தண்ணீர் உருண்டு ஓடியது. எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர.

"யார் வெச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் சார்."

மறுநாளே அவரை மூட்டை தைக்க மாற்றினார்கள்.

"இன்னாத்துக்குக்கா?" என்றேன்.

"உனுக்கு இன்னும் வேல பர்மனென்ட் ஆவல. என்னிய தொரத்த மாட்டாங்க, குந்த வெப்பாங்க. ஆனப்புறம் சொல்லிக்க."

போன மாதம் எனக்குப் பர்மனென்ட் ஆனது. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறப்போட்டேன். மாகறலில் அடக்கத்துக்கு வந்த சூப்பர்வைசர், "நல்ல வேலைக்காரி. ஒரு வெளையாட்டால கெட்டாங்க" என்றார். அப்போதும் நான் மண் அள்ளிப் போட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் சார், அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து. அக்காவுக்கு அதில் பங்கில்லை. அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்.

மூட்டை தைத்த ஏழு மாதத்தில் ஒரு நாளும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மௌனம்தான். அதைக்கூட இப்போது நானே உடைத்துவிட்டேன். இருந்தால், "இப்பதான் வாய தொறந்தியா நைனா" என்று திட்டியிருப்பார்.