வேம்பு கட்டும் சிவப்பு நூல்

பல் கூடத் துலக்காமல் கொல்லைப்பக்கம் குந்தி உட்கார்ந்திருக்கிறாள் வேம்பு. எதிரே மூன்று பழைய பெயின்ட் வாளிகள், ஒரு கூடை மண், நேற்று ஒடித்து வைத்த முருங்கைப் போத்துகள். ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்து அடியில் போட்ட ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள். மண்ணை நிரப்பி, போத்தை நட்டு, சுற்றிலும் அழுத்திவிட்டு, நைட்டிப் பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து அதன் இடுப்பில் கட்டுகிறாள். "இன்னைக்கு மொத நாளு. எது கருகுதுன்னு பாத்துருவோம்" என்று போத்திடமே சவால் விடுகிறாள்.

மாதத்தில் மூன்று நாள் அவளுக்கு இதுதான் வேலை. முதுகு விண்ணென்று வலித்தாலும் அந்த நாட்களில்தான் நடுவாள், தொட்டி மாற்றுவாள், பதியன் போடுவாள். நட்டதற்கெல்லாம் சிவப்பு நூல். மற்ற நாட்களில் வைக்கும் செடிக்கு நூல் கிடையாது. விலக்கான பொம்பளை தொட்டால் பச்சை பட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டு திரியும் உலகத்துக்கு, இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக அவள் தயார் செய்துவரும் பதில் இது. நூல் கட்டியதில் பத்துக்கு எட்டு பிழைத்திருக்கின்றன. கட்டாததிலும் பத்துக்கு எட்டுதான். செத்தவை எதனால் செத்தன என்பதும் அவளுக்குத் தெரியும்: கரையான், கத்திரி வெயில், பின்தெரு ஆடு. "ஆடு தீட்டுப் பாத்தா கடிக்கிது?" என்பாள். டாக்டரம்மா இன்னும் இரண்டு வருடத்தில் நின்றுவிடும் என்று சொல்லியிருப்பதில் அவளுக்கு ஒரே ஒரு வருத்தம், சோதனையும் சேர்ந்து நின்றுபோகுமே என்பது.

வேம்புக்கு நாற்பத்தெட்டு வயது. தஞ்சாவூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். விவசாயிகள் துணிப்பையில் கட்டிக்கொண்டு வரும் மண்ணை நிழலில் பரப்பி உலர்த்துவதும், மரச் சுத்தியால் தட்டிப் பொடியாக்குவதும், சல்லடையில் சலிப்பதும், குடுவை கழுவுவதும் அவள் வேலை. அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு. ஆனால் பையைப் பிரித்து ஒரு சிட்டிகை ஈரமாக்கி விரலிடுக்கில் தேய்த்ததுமே, "இது வடிகால் இல்லாத வயலு, சார்" என்று அவள் சொல்லிவிடுவாள். மிஷின் மறுநாள் அதையே எண்ணாகச் சொல்லும்.

அவளுக்குக் கோபம் வரும் விஷயங்களை எழுதினால் பத்திரிகை கொள்ளாது. செல்போனைப் பார்த்து ரோஜாவுக்கு ஷாம்பு ஊற்றுகிறவர்கள். முட்டை ஓட்டை அப்படியே மண்ணில் சொருகிவிட்டு மறுவாரம் பூவை எதிர்பார்க்கிறவர்கள். "அது ஓடு. கரைய வருசமாவும். ஒனக்குப் பசிக்கிதுன்னா அரிசி மூட்டைய முழுங்குவியா?" எல்லாவற்றையும்விட, வாடிய செடியைக் கண்டதும் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். இந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு வாட்டம் என்றால் தாகம், தாகம் என்றால் தண்ணீர். முழங்கால் தண்ணீரில் நெல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த கண். "கண்ணால பாக்காத, வெரலால பாரு" என்பது வேம்புவின் வேதம். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட வேண்டும். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இந்தக் கோபத்துக்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்தார்கள். ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்து, கொடிக்காலுக்குள் தண்ணீர் கட்டி நின்றது. பத்தாம் நாள் வெயில் அடித்ததும் கொடிகள் வரிசை வரிசையாகத் துவண்டு விழுந்தன. சொந்தக்காரர் வானத்தைத் திட்டவில்லை, வடிகால் வெட்டாத தன்னையும் திட்டிக்கொள்ளவில்லை. "அந்த நாளுல ஒங்க பொண்ணு உள்ள வந்துச்சா?" என்று கேட்டார். பதினாலு வயது வேம்பு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள், அவ்வளவுதான். அத்தனை பேர் பார்க்க அம்மா அவள் கன்னத்தில் அறைந்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கொடிக்காலில் அவர்களுக்கு வேலை இல்லை. பல வருடம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிசோதனைக் கூடத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது: தண்ணீர் தேங்கினால் வெற்றிலையில் வரும் வேரழுகலும் வாடலும். துடைப்பத்தோடு நின்று அதைப் படித்த வேம்பு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

அவள் குடியிருக்கும் நகர் பதினைந்து வருடம் முன்பு வரை நடவு வயல். எதிர்வீடு ஜெயாவுடையது. ஜெயா நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். மகன் ரஞ்சித்துக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் பெண் எடுத்தாள். பூவிழி என்ற அந்தப் பெண் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஐப்பசியில் மூன்றாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. தை பிறந்து தாய் வீட்டுக்குப் போனவள், தென்னந்தோப்பு மணலில் கொழுகொழுவென்று நின்ற ஒரு கறிவேப்பிலைக் கன்றை வேரோடும் மணலோடும் கொண்டுவந்தாள். ஜெயா அதைத் தன் கையாலேயே வாசல் சிமெண்டுத் தொட்டியில் வைத்தாள். தொட்டிக்கு மண், அவள் அப்பா ஊர்க் குளத்தில் தூர் வாரியபோது டிராக்டரில் வந்த வண்டல். "மூணு போகம் வெளஞ்ச மண்ணு, தெரியும்ல?" என்று தெருவுக்கே சொன்னாள்.

பங்குனியில் கன்று தலை தொங்கியது. ஸ்கூட்டியில் வேலைக்குக் கிளம்பிய வேம்பு, வண்டியை நிறுத்தாமலே, "பூவிழி, தண்ணி பத்தல பாரு, ஊத்து!" என்று கத்திவிட்டுப் போனாள்.

ஊருக்கெல்லாம் விரலால் பார்க்கச் சொல்கிறவள் அன்று கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள். பூவிழி சொன்ன சொல் தட்டாமல் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். இலை மஞ்சளாகிப் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு வாசலில் ஜெயா போனில் பேசுவது தெருத் தாண்டிக் கேட்டது. பூவிழியின் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாளுலயும் போயித் தொட்டுருக்கா சம்மந்தி. நான் குத்தமாச் சொல்லல. அவ கை பட்டா ஒண்ணும் தங்க மாட்டேங்குது. கொஞ்ச நாளு அங்கயே வச்சுக்கிட்டு ஏதாச்சும் பரிகாரம் பண்ணுங்க. ரஞ்சித்து சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவான்."

தங்க மாட்டேங்குது. செடிக்கும் அதே சொல், கருவுக்கும் அதே சொல். வேம்பு கையிலிருந்த காபி டம்ளரை மதில்மேல் வைத்தாள். கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தாள். "வேம்பு, அடுத்த வூட்டு விசயம்" என்று அவள் கணவன் துரைராசு முனகினார். அவர் பஸ் ஓட்டுகிறவர், பிரேக் போடும் பழக்கம் உண்டு. அவளுக்கு அது கிடையாது.

எதிர்வீட்டுக் கூடத்தில் ஜிப் போட்ட ஒரு பெரிய பை நின்றது. பூவிழி பின்பக்கத் தாழ்வாரத்தில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள், தட்டும் டம்ளரும் தனியாக. அழுது முடித்த முகம். வேம்பு யாரையும் கேட்கவில்லை. தொட்டியைச் சாய்த்து, கடப்பாரையால் நெம்பி, கன்றை மண்ணோடு பெயர்த்து ஜெயாவின் கால்மாட்டில் போட்டாள்.

"மோந்து பாருங்க ஜெயாக்கா."

அழுகிய முட்டை நாற்றம். வேர் கறுத்திருந்தது. விரலால் இழுத்ததும் தோல் உறை மாதிரிக் கழன்று வந்தது. பட்டுக்கோட்டை மணல் அப்படியே உருண்டையாக நடுவில் இருந்தது, சுற்றிலும் வண்டல் களிமண் சுவராக இறுகியிருந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் கிணற்றில் இறங்குவதுபோல அந்த மணலுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. வேம்பு தொட்டிக்கு அடியில் தடவினாள். ஓட்டை இல்லை.

"இதை யாரு அடைச்சது?"

"நாந்தான். புது டைல்ஸு, சேத்துத் தண்ணி ஒழுவிக் கறையாவுது. சிமெண்டு வச்சுப் பூசிட்டேன்" என்றாள் ஜெயா. பிறகு குரலை உயர்த்தினாள். "நெல்லு தண்ணியிலயே நிக்கல? அதுக்கு அழுவுதா?"

"நெல்லுத் தண்டுக்குள்ள காத்துப் போறதுக்கு வழி இருக்குக்கா. வேரு தண்ணியில கெடந்தாலும் மேல இருந்து மூச்சு எறங்கும். கறிவேப்பிலைக்கு அந்த வழி இல்ல. மண்ணுக்குள்ள காத்து இருந்தாத்தான் வேரு மூச்சு விடும், மூச்சு விட்டாத்தான் தண்ணிய உறியும். நீங்க மூக்கையும் வாயையும் பொத்திட்டீங்க. மூச்சு முட்டித் தொவண்டுச்சு. தாகம்னு நெனச்சு மறுபடியும் ஊத்துனா?" வேம்பு விரலைத் தன் பக்கம் திருப்பினாள். "ஊத்தச் சொன்னது நான். வண்டிய நிறுத்தி வெரலை விட்டுப் பாக்காத முண்டம் நான். அடைச்சது நீங்க, ஊத்தச் சொன்னது நானு. இந்தப் புள்ள கை என்ன பண்ணுச்சு? சொன்னத செஞ்சுச்சு. அது கையவா பழி சொல்லுவீங்க? அதுவும் எந்த வார்த்தைய எடுத்து?"

தெரு எட்டிப் பார்த்தது. ரஞ்சித் வாசற்படியில் கார்ச் சாவியோடு நின்றான். ஜெயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு எழுத்துப் படிச்சிட்டா முன்னோரு சொன்னதெல்லாம் பொய்யாயிருமா?" என்றாள்.

"பொய்யா நெசமான்னு பாத்துருவோம்."

வேம்பு தன் வீட்டுக்குப் போய், ஒரே தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளைப் பெயர்த்து வந்தாள். ஒரே உயரம். ஒரே மாதிரி இரண்டு வாளி, இரண்டிலும் ஆறாறு ஓட்டை, அடியில் செங்கல் துண்டு. வண்டல் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. தென்னை நார்க் கழிவையும் கலந்து இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தாள். "ஒரே மண்ணு, ஒரே வெயிலு, ஒரே தண்ணி. கை மட்டும் வேற. தலைக்கு ஊத்திட்டு வந்த ஒங்க கையால ஒண்ணு வைங்கக்கா. பூவிழி, ஒனக்கு இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"ரெண்டு" என்றது தாழ்வாரத்திலிருந்து ஒரு சிறிய குரல்.

"வா இங்க."

பூவிழி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். ஜெயா வேறு பக்கம் பார்த்தாள். பாயை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து அவள் இன்னொரு கன்றை வைத்தாள். அதன் இடுப்பில் வேம்பு சிவப்பு நூலைக் கட்டினாள். துளிர் வரும்வரை பட்டுக்கோட்டைப் பயணம் இல்லை என்று பேச்சு. பூவிழி வைத்தது பட்டுப்போனால் அன்றே கார் கிளம்பும். அதைச் சொன்னவள் ஜெயா. வேம்பு தலையாட்டினாள். பத்துக்கு இரண்டு சும்மாவே சாகும் என்ற தன்னுடைய கணக்கு அவளுக்கு நினைவு இருந்தது. அந்த இரண்டில் ஒன்றாக இது போய்விட்டால், பதினோரு வருடத்து நூல் ஒரு பெண்ணின் கழுத்தில் சுருக்காகிவிடும். அன்று இரவு அவள் சோறு சாப்பிடவில்லை என்று துரைராசு பிறகு சொன்னார்.

ஐந்து வாரம், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். முதலில் நூல் கட்டிய வாளியில் விரல், பிறகு நூலில்லாத வாளியில் விரல். முதல் வாரம் இரண்டுமே இலையைக் கொட்டிக் குச்சியாக நின்றன. ஜெயா சொம்போடு வரும்போதெல்லாம், "தள்ளி நில்லுங்க!" என்று ஒரு அதட்டல். கூடத்தில் அந்தப் பை அப்படியே நின்றது. பூவிழி மாற்றுத் துணியை அதற்குள்ளிருந்தே எடுத்தாள், துவைத்து மடித்து அதற்குள்ளேயே வைத்தாள்.

ஆறாவது வாரம் ஒரு காலை வேம்பு வந்தபோது நூல் கட்டிய குச்சியில் கணுவுக்குக் கணு துளிர். நூலில்லாததிலும் அப்படியே. கிள்ளி மோந்தால் இரண்டும் ஒரே மணம். ஜெயா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "ரெண்டும்தான் வந்துருச்சே, அப்பறம் என்ன" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல.

வேம்புவுக்கு அந்த 'அப்பறம் என்ன' உச்சிக்கு ஏறியது. "ஜெயாக்கா, செத்த அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். ஜெயா திரும்பியதும் குனிந்து நூலை அவிழ்த்தாள். இரண்டு வாளிகளையும் தூக்கி இடம் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். "இப்பத் திரும்புங்க. இதுல எது ஒங்க மருமவ கை பட்டது? அவ கை பட்டா தங்காதுன்னீங்கள்ல. பாத்துச் சொல்லுங்க. அதுல இந்த நூலக் கட்டுங்க."

மண் அப்பிய உள்ளங்கையில் நூலை வைத்து நீட்டினாள். ஜெயா ஒரு வாளியைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். மறுபடியும் முதல் வாளிக்கு வந்தாள். உள்ளே ரஞ்சித், ஆறு வாரமாகக் கூடத்தில் நின்ற பையைத் தூக்கிக்கொண்டு தங்கள் அறைப் பக்கம் போனான், ஜிப் திறக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

வேம்பு நீட்டிய கையை இறக்கவில்லை.