மச்சாண்டார் வைத்த பாகு

கல்யாணமாகி நான்கு வருடம் வரைக்கும் மச்சாண்டாரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவரின் அண்ணன் எதிரே வந்தால் தம்பி பெண்டாட்டி ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் என்னிடம் பேச மாட்டார். ஒரே களத்தில் எதிரெதிர் வீடு வேறு. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எருமையிடம் சொல்லுவார். "மழை வர்றாப்பல இருக்குது, வடகத்தை எடுத்தாத் தேவலை" என்று எருமைக்கு அவர் யோசனை சொன்னால் நான் ஓடிப்போய் எடுப்பேன். எருமைக்கும் இது பழகிவிட்டது.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. அங்கேயே ராயபுரத்தில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். இங்கே அமராவதி வாய்க்கால் ஓரத்துக் காட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் தேனீ வளர்ப்புச் சங்கத்தார் எனக்கு நான்கு பெட்டி கொடுத்தார்கள். தேனைச் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும். கலப்படம் என்று தெரிந்தால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். முருங்கையும் புளியும் பூத்த காலத்தில் நல்ல தேன் வந்தது. எனக்கென்று ஒரு தொழில்! தலைகால் புரியவில்லை. ஈ கொட்டி முகம் வீங்கிய நாளிலும் சந்தோஷமாகவே இருந்தேன்.

அந்தத் தையில் மச்சாண்டார் வெல்லம் காய்ச்ச ஆலை போட்டார். கரும்புச் சாறு கொதிக்கும் கொப்பரையை என் ஈக்கள் மொய்த்து, பாகில் விழுந்து செத்தன. அவருக்கு மனசு கேட்கவில்லை. தாம்பாளத்தில் பாகை ஆறவைத்து, ஈ உட்கார வைக்கோல் துண்டுகளைப் போட்டு, ஆலைக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டார். அதோடு சாவு நின்றது. "இனி ஈ சாவாது" என்று எருமைக்கும் தெரிவித்தார். நான் உள்ளே நின்றபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

அந்த மாதத் தேன் கறுத்து வந்தது. சங்கத்துக்காரர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, வெல்லம் கலந்திருக்கீங்களே?"

"நான் கலக்கலீங்க. ஈதான் கலக்குதுங்க."

"ஈ மேல குத்தம் எழுத என்ற நோட்டுல எடமில்லீங்க."

அடுத்த முறையும் இப்படியே இருந்தால் பெட்டி போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தாம்பாளத்தை எடுத்துவிட்டால் போதும். யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை அனுப்பினேன். அவருக்கு அண்ணன் என்றால் பாதி பயம், பாதி பக்தி. "பாகு வெச்சது அவளுக்கு ரொம்பச் சந்தோசமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் இரண்டு தாம்பாளம் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் நேரே ஆலைக்குப் போனேன். வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும், "மாமா, பாகு வெக்காதீங்க, என்ற பொழப்புப் போயிரும்" என்றேன். மச்சாண்டார் தரையைப் பார்த்தபடி இரண்டு தாம்பாளத்தையும் கவிழ்த்தார்.

அடுத்த தேன் பொன்னாக இருந்தது. சங்கத்துக்காரர் முதல் தரம் என்று எழுதிக்கொண்டு, "இப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். ஆனால் ஒரு சொம்புகூட நிறையவில்லை. இரண்டு பெட்டி காலி. கொப்பரையிலிருந்து வழித்துக் கொட்டிய நுரையில் என் ஈக்கள் கறுப்பாக அப்பிக் கிடந்தன. அந்தச் சுத்தமான தேனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நானே வாய்விட்டுச் சொல்லிக் கொன்றேன் என்றிருந்தது.

மச்சாண்டார் பக்கத்தில் வந்து நின்றார். எருமை பக்கம் திரும்பக்கூட இல்லை. "மறுக்கா வெச்சரட்டா, அம்மிணி?" என்று என்னிடமே கேட்டார்.

"வெச்சிருங்க மாமா."

சங்கத்துப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு முன்பே மச்சாண்டார் மாம்பலகையில் அடித்துக் கொடுத்த வேறு பெட்டிகளுக்கு ஈக்களை மாற்றியிருந்தேன். தேனை உடுமலைச் சந்தையில் நானே விற்க உட்கார்ந்தேன். "இதுல வெல்லமும் இருக்குதுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பக்கத்தில் நாலு பேர், சுத்தமான மலைத்தேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் என்னவோ என்னிடம்தான்.

"கலப்படம்னு அவளே சொல்றா பாரு. இவகிட்டத்தான் சுத்தமா இருக்கும்" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டினார். வெல்லம் நிஜமாகவே இருக்கிறது என்று மூன்று முறை சொன்னேன். அவர் நம்பவே இல்லை.