தாம்பாளத்தை வாங்கிய வீதி

மில்லுக்குப் போன காலம் முழுக்க ஆறுச்சாமி உள்ளே நுழையும்போது வாசல் கேட்டின் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். மில்லை மூடிய பிறகு அந்தத் தட்டு, சிங்காநல்லூரில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மாநகராட்சிப் பூங்காவின் தூணுக்கு வந்துவிட்டது. ஏன் என்று அவர் மனைவி மாசாணியம்மாள் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, பார்த்துக்கொண்டிருக்கத்தான் பழக்கம்.

மறதி நோய் வந்து, பெற்ற மகளின் பேர்கூட அவருக்கு நழுவிப்போனது. தூணைத் தட்டுவது மட்டும் போகவில்லை. சாயங்காலமானால் கால் நிற்காது. பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்து வேர்த்தால்தான் சோறு இறங்கும், கண் மூடும். நடக்காத நாளில் தாழ்ப்பாளைத் திறப்பார், போடுவார், மறுபடி திறப்பார்.

அந்தப் பூங்காவைத்தான் கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். முதலில் சோபா செட் விற்றார்கள், பிறகு உணவுத் திருவிழா, அப்புறம் ராட்டினம். ஒன்றைப் பிரித்து முடிப்பதற்குள் அடுத்ததற்குக் குழி தோண்டினார்கள். நடைபாதையை மறைத்துத் தகரம் அடித்து, கேட்டில் டிக்கெட் கவுண்டர் வைத்தார்கள். தூண் தகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஆறுச்சாமி தகரத்தைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றார். கூப்பிட்டால் கையை உதறினார்.

ஒருநாள் அவள் அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் ஆளைக் காணோம். தேடிப் போனால், பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார். எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டரிடம், "ஷிப்டுக்கு நேரமாச்சுங்க" என்றாராம். பஸ் கிளம்பியிருந்தால்? அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போனால்கூட முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூங்காவை வாடகைக்கு விடக்கூடாது என்று வீதிக்காரர்கள் சேர்ந்து சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். முன்னால் நின்றவர் எதிர்வீட்டு அழகிரிசாமி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டதும் மாசாணியம்மாளும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கண்காட்சி நடத்தும் அருள்குமார் வீடு வீடாக வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே திறப்பு விழா அழைப்பிதழ்.

"நீங்கெல்லாம் பெரியவங்க. வந்து நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்கம்மா."

வாசலேறி வந்து தாம்பாளம் நீட்டுகிறவனை எப்படித் திருப்பி அனுப்புவது? வாங்கிக்கொண்டாள். வாங்கினால் போகவேண்டும். மொத்த வீதியும் போனது. அழகிரிசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"கேஸு வேற, மரியாதை வேறைங்க. கூப்பிட்டுப்போட்டான், போகாட்டி நல்லாருக்காது."

குத்துவிளக்கு முன்னால் எல்லாரும் "நீங்க ஏத்துங்க, நீங்க ஏத்துங்க" என்று பின்வாங்க, கடைசியில் நகரத் தெரியாமல் நின்றவள் மாசாணியம்மாள்தான். மெழுகுவத்தி அவள் கைக்கு வந்தது. கேமரா மின்னியது.

அந்தப் படத்தைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் நீட்டினார். வழக்குப் போட்டவர்களே விளக்கேற்றித் திறந்து வைத்திருக்கிறார்கள், இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாராம். சென்னையிலிருந்து திரும்பிய அழகிரிசாமி வாசலில் நின்று சொல்லும்போதே அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விளக்கேற்றிய கையாலேயே புருஷனின் நடையை அணைத்துவிட்டோமோ?

பக்கத்து வீட்டுச் சபுரா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினாள். "வெளக்கேத்துன கை, கேஸுலயும் கையெழுத்துப் போட்ட கை. சரியான ஆளுக்கா நீ."

"நீ மட்டும் போகலையா?"

"போனேன். பிரியாணி வேற தின்னேன். என்னைப் போட்டோ எடுக்க ஆளில்லை."

மாசாணியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழகிரிசாமியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, கூப்பிட்டாங்க, போனோம். கல்யாணத்துக்குப் போனா அந்த ஊட்டுச் சொத்தா ஆயிருவமுங்களா?"

"இதையே கோர்ட்டுல எழுதிக் குடுத்தரலாமுங்களா?" என்றார் அழகிரிசாமி.

"எழுதுங்க. கேட்டா நான் வந்து சொல்றேன்."

அடுத்த கண்காட்சிக்கும் அருள்குமார் வந்தான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினான். பின்னால் ஆறுச்சாமி தாழ்ப்பாளைத் திறந்து திறந்து போட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. இது மட்டும் வேண்டாம்."

அவன் அழைப்பிதழை நேராக்கி வைத்தான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கே சபுரா கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தகரத்தையும் பிரிக்கவில்லை. ஆறுச்சாமி டிக்கெட் கவுண்டர் பலகையைத் தட்டிவிட்டு, பூங்காவுக்கு வெளியே ரோட்டோரமாகச் சுற்றி நடக்கிறார். அவரைத் தகரத்தோரமாக விட்டு, பஸ் வரும் பக்கமாக மாசாணியம்மாள் நடக்கிறாள்.