சங்கிலி ஓரத்து நடுவர்

அன்னக்கொடிக்கு ஜீப்பில் ஓர் இடம் உண்டு. ஓட்டுநருக்கு நேர் பின்னால், இடது பெஞ்சின் மூலை. தூக்குவாளியை மடியில் வைத்து, முந்தானையால் காதை மூடி அங்கே ஒடுங்கிவிட்டால் மாநில எல்லை தாண்டிப் பூப்பாறை வரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூலைக்காகவே தினமும் எல்லோருக்கும் முன்னால் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வந்து நிற்பாள்.

பேசத்தான் பயம். பார்க்கவும் கேட்கவும் பயமில்லை. தேவாரம் ஊரில் அவள் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் சோளக்கொல்லைக்கு யானை இறங்கி, காவலுக்குப் போன அப்பாவின் இடுப்பு ஒடிந்தது. காவல் பரணில் உட்கார வேறு ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவள் பிறகு அதை எடுக்கவே இல்லை. பரணில் அவள் படித்த பாடம் வேறு. யானை வரும்போது சத்தம் வராது. ஓடையில் கத்திக்கொண்டிருக்கும் தவளைகள் மலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வரும். அந்த அடக்கத்தைக் கேட்டவுடனே தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டத் தாமதித்தால் கொல்லை போச்சு.

கல்யாணமாகி மலைமேல் எஸ்டேட் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் போனாள். பிற்பாடு போடியில் குடியேறி, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்வரும் கூட்டத்தில் சேர்ந்தாள். காய் உலர்த்தும் கிடங்கில் வேலை பார்த்த கணவர் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழவில்லை. மிஞ்சியது ஒரே மகன், அருண்பாண்டி.

ஜீப்புக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் செல்போன் எடுக்காது. வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். பேசிக்கொண்டே போனால் வாந்தி வராது என்று ஜக்கம்மாள் கண்டுபிடித்த வைத்தியம்தான் பட்டிமன்றம். எதிரெதிராக இருக்கும் இரண்டு பெஞ்சும் இரண்டு அணி. மனசுக்குள் என்ன இருந்தாலும், உட்கார்ந்த பெஞ்சுக்காகத்தான் வாதாட வேண்டும். கடைசியாக ஏறுகிறவள் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், அவள்தான் நடுவர். மலையுச்சியில் செக்போஸ்ட் இருக்கும் போடிமெட்டு வருவதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மாமியாரா மருமகளா, பழைய சோறா இட்லியா என்று எத்தனையோ தலைப்புகள் வந்து போயின. காய் விலை ஏறினால் லாபம் தொழிலாளிக்கா முதலாளிக்கா என்ற தலைப்பில் மட்டும் இரண்டு பெஞ்சும் ஒரே பக்கம் பேசியதால் பட்டிமன்றம் படுத்துவிட்டது. மூலையில் இருக்கும் அன்னக்கொடியை, "அது எங்க அணியோட மூட்டை" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

ஐப்பசியில் அருண்பாண்டி வெளிநாடு போனான். துபாயில் கிடங்கு வேலை என்றான் ஏஜெண்டு. பெயர்ப்பலகை இல்லாத மாடியறையில் உட்கார்ந்து, ஆத்தா ஆத்தா என்று குழைகிறவன். துபாயில் இறங்கிய பிள்ளைகளை ஒரு கப்பலில் ஏற்றி ஏமனில் கொண்டுபோய் விட்டது, மகன் அனுப்பிய குரல் செய்தியில்தான் அவளுக்குத் தெரிந்தது. துறைமுகத்தை ஒட்டி ஒரு முகாம். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சமைப்பதும் மூட்டை இறக்குவதும் வேலை. பாஸ்போர்ட் அவர்கள் கையில். "நேத்து ஒரு கொடி பறந்துச்சும்மா, இன்னைக்கு வேற கொடி பறக்குது. சோறு மட்டும் நான்தான் வடிக்கிறேன்" என்று சிரித்தான். சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கியது.

ஏஜெண்டின் முன்னால் போய் நின்றாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"அந்த நாட்டுக்குப் போகக்கூடாதுன்னு நம்ம கவர்மெண்டே தடை போட்டிருக்கு ஆத்தா. வெளிய தெரிஞ்சா பாஸ்போர்ட்டை முடக்கிருவாக. அப்புறம் உங்க மகன் அங்கதான். அடுத்த ஆளுக போய் எறங்கட்டும், இவனைக் கப்பலேத்திர்றேன். அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீக. உங்களுக்குத்தான் தொறந்தே பழக்கமில்லையே."

அடுத்த ஆட்களில் ஒருவன் சிவக்குமார் என்பது பிறகுதான் தெரிந்தது. எதிர்ப் பெஞ்சில் உட்காரும் பொன்னுமணியின் மகன். பொங்கல் கழிந்து வெள்ளிக்கிழமை துபாய்க்குப் பயணம் என்று பொன்னுமணி ஜீப் முழுக்க அதிரசம் கொடுத்தாள். அன்னக்கொடி தன் பங்கை முந்தானையில் முடிந்து கொண்டுபோய், ஏலச்செடி அடியில் எறும்புக்குப் போட்டாள்.

பயண வாரத்துப் புதன்கிழமை விடியலில் அருண்பாண்டியின் செய்தி வரவில்லை. "சோறு வடிச்சிட்டேம்மா" என்ற அந்த ஒற்றை வரி தினமும் வந்துவிடும். போனைப் பார்த்துக்கொண்டே நின்றதில் நேரம் ஓடிப்போய், அவள் கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். மூலையில் வேறு யாரோ இருந்தார்கள்.

"மூட்டை இன்னைக்கு நடுவராயிருச்சுடி" என்று ஜக்கம்மாள் சிரித்தாள்.

முந்தலில் ஓட்டுநர் சோலைதான் தலைப்பை எடுத்துக் கொடுத்தார். "ஏமன்ல ஏதோ துறைமுகத்துல வெளிநாட்டு விமானம் வந்து குண்டு போட்டிருச்சாம். செய்தியில ஓடுது. அந்த நாட்டுச் சண்டை தீரணும்னா வெளிநாட்டுப் படை எறங்கணுமா, இல்ல நாட்டை ரெண்டாப் பிரிக்கணுமா? பேசுங்க."

அன்னக்கொடி போனை எடுத்து மறுபடியும் பார்த்தாள்.

இடது பெஞ்சுக்குச் சந்திரவல்லி எடுத்தாள். "அடிச்சுக்கிட்டுச் சாகுறதை வேடிக்கை பாக்கணுமாக்கும்? பெரிய நாட்டுக்காரன் படையோட எறங்கி ரெண்டு தட்டுத் தட்டுனா அடங்கிருவாக."

"எறங்குனவன் திரும்ப ஏறுவானாடி?" என்றாள் ஜக்கம்மாள். "எங்க அண்ணன் தம்பிக்குள்ள பாகம் பேச வந்தான் ஒரு மச்சான். வரப்புல நின்ன ரெண்டு தென்னை இன்னைக்கு அவன் பேருல நிக்குது. பிரிச்சு விடுங்க. மின்னாடி அது ரெண்டு நாடாத்தான் இருந்துச்சாம்ல? நானும் எம் மருமகளும் வீட்டுக்கு நடுவுல சுவரு எழுப்பல? இப்ப ஒரு சத்தம் உண்டா?"

"சுவரு எழுப்புனீக மதினி. குழாய் எந்தப் பக்கம்?" என்றாள் சந்திரவல்லி.

ஜீப் குலுங்கிச் சிரித்தது.

"போன மாசம் குழாயடியில யாரு கொண்டை யாரு கையில இருந்துச்சுன்னு தெருவே பாத்துச்சே."

"அது குழாய் மேல தப்புடி. சுவரு மேல தப்பில்ல."

சிரிப்பு ஓயும் முன்பே பொன்னுமணி சொன்னாள்: "எப்படியோ அடங்குனாச் சரி. எம் மகன் போற பக்கம் பரவாம இருக்கணும். துபாய்க்கும் அதுக்கும் ரொம்பத் தூரந்தானே, சோலையண்ணே?"

"நடுவுல பாலைவனமே கெடக்கு. நீ பயப்படாத தாயி."

மேல் வளைவுகளில் பனி இறங்கியிருந்தது. "வெரசாத் தீர்ப்பைச் சொல்லு அன்னக்கொடி, மெட்டு வந்துரும்" என்று ஜக்கம்மாள் அவள் முழங்காலைத் தட்டினாள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கியது. அந்த அடக்கம் அவளுக்குப் பழக்கமானது. இன்னும் இரண்டு நாள் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், அருண்பாண்டி கப்பலேறலாம். எதிரே பொன்னுமணி, தீர்ப்பைக் கேட்க வாயைத் திறந்தபடி குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாநிலத்துக்கும் அணைத் தகராறு வந்த வருஷம் நான் மேல லயத்துல இருந்தேன்" என்றாள் அன்னக்கொடி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரும் எங்களை அடிக்கல. கங்காணி வந்து, 'இப்போ போய்க்கோ, பின்னே விளிக்காம்'னாரு. அப்புறமாக் கூப்புடுவாகளாம். அவ்வளவுதான். சின்னப் பையனா இருந்த அருண்பாண்டியக் கூட்டிக்கிட்டு, வாயைத் தொறக்காதடான்னு சொல்லிக் காட்டுவழியா எறங்குனேன். மாநிலக் கோடு எப்பவும் அங்கனதான் கெடந்துச்சு. தெனமும் தாண்டித்தான் போனோம். அன்னைக்கு அது முழிச்சுக்கிருச்சு."

"அதனால?" என்றாள் ஜக்கம்மாள்.

"படை எறங்கட்டும், நாடு பிரியட்டும். உள்ள மாட்டிக்கிட்டுச் சோறு வடிக்கிறவன் எந்தப் பக்கம்னு யாரு கேப்பா?"

"எவன் சோறு வடிக்கிறான்?"

"எம் மகன். அவன் துபாய்ல இல்ல. அந்த ஊர்லதான் இருக்கான்." அவள் பொன்னுமணியைப் பார்த்தாள். "சிவக்குமாரையும் அங்கதான் அனுப்பப் போறாக. ஏஜெண்டு என்னையப் பேசாம இருக்கச் சொன்னான். இருந்தேன்."

பொன்னுமணி மெதுவாகச் சொன்னாள்: "எங் கையால அதிரசம் வாங்குனீகளே, மதினி."

"வாங்குனேன். திங்கல."

போடிமெட்டில் போன்களுக்கு உயிர் வந்து, மடிக்கு மடி மணியடித்தது. அன்னக்கொடியின் போன் மட்டும் அசையவில்லை. பொன்னுமணி மகனைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"தேதியை முன்னாடி போட்டுட்டாகம்மா. நீ சோலிக்குப் போனப்புறம் வேன் வந்துருச்சு. கொச்சிக்குப் போறோம். முந்தல்ல டீ குடிச்சோம், இப்பக் கெளம்பிருச்சு."

"எறங்குடா. அது துபாய் இல்லடா, எறங்கு."

"என்னம்மா? கேக்கல…"

தொடர்பு அறுந்தது. வேன் மலைக்குள் நுழைந்துவிட்டது.

சோலை ஜீப்பைத் திருப்பி, மெட்டுக்குக் கீழே கடைசி வளைவில் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். பெண்கள் இறங்கிப் பனிக்குள் வரிசையாக நின்றார்கள். அன்னக்கொடி வேனின் விளக்கு வெளிச்சத்தைத் தேடவில்லை. பள்ளத்துப் பக்கம் காதை வைத்திருந்தாள். கீழே காட்டில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் சட்டென்று ஓய்ந்தன.

"வருது" என்றாள்.

வேன் வந்து நின்றது. பொன்னுமணி கதவைத் திறந்து, மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அவன் பையை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேனில் இருந்த மற்றப் பையன்களிடமும் சந்திரவல்லி கத்திச் சொன்னாள். ஒருவன் இறங்கினான். பின்சீட்டில் இருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சோலை செக்போஸ்ட்டை நோக்கி ஓடினார். முன்சீட்டில் இருந்த ஏஜெண்டின் ஆள் அவசரப்படவில்லை. கண்ணாடியை இறக்கி, "இந்தக் கதையெல்லாம் யாரு சொன்னது?" என்று கேட்டான்.

"நாங்க எல்லாருந்தான் சொன்னோம். எறங்கி வந்து எண்ணிக்கோ" என்றாள் ஜக்கம்மாள்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பொன்னுமணியின் முகத்தில் அவன் பார்வை நின்றபோது அன்னக்கொடி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான். அருண்பாண்டியோட அம்மா."

"நீங்களா ஆத்தா" என்றான் அவன், கோபமே இல்லாமல். "சரி. நீங்கதான் பேசுனீகன்னு அங்க உள்ளவுகளை விட்டுப் பையன்கிட்டச் சொல்லச் சொல்றேன்."

செக்போஸ்ட்டிலிருந்து ஆட்கள் வருவதற்குள் வேன் திரும்பி, வந்த வழியே பனிக்குள் இறங்கி மறைந்தது.

அன்றைக்கு யாரும் காய் எடுக்கப் போகவில்லை. "போடி ஸ்டேஷனுக்குப் போவோம். அங்கயும் நீதான் சொல்லணும் தாயி" என்றார் சோலை. ஜக்கம்மாள் அவளுக்காக மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். அன்னக்கொடி சங்கிலிப் பக்கமே உட்கார்ந்தாள். சிக்னல் இருக்கும்போதே, மகனுக்குத் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் குரல் செய்தி அனுப்பினாள். "அப்பு, சோறு வடிச்சிட்டியா?"

ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது டிக்குக்காக அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் முதல் வளைவில் இறங்கி, சிக்னல் போய்விட்டது. பெஞ்சுகளில் யாரும் பேசவில்லை. அந்த அடக்கம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டபடி இருந்தாள். தட்டுவதற்குக் கையில் தகரம் இல்லை.